முறை வைத்த சிநேகம்

என் தங்கை பால் பாக்கெட்டைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாங்குவாள். வீட்டில் அவளுக்கு சிஐடி என்று பெயர். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு ஆட்டோ ஓட்டுகிறேன். அவளோ பள்ளி பள்ளியாகப் போய், மாற்றுத்திறனுள்ள பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் தங்களோடு சேர்த்துக்கொள்கிறார்களா என்று அளந்து சொல்லும் வேலையில் இருக்கிறாள். இதைச் சொல்லும்போதே எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஒவ்வொரு பிள்ளையையும் தனியாகக் கூப்பிட்டு, "டூர் போனா பக்கத்துல யாரை உக்கார வெச்சுக்குவே?" என்று கேட்பாள். போன மாதம் ஒரு வகுப்பில் அத்தனை பேரும் ஒரே பெயரைச் சொன்னார்கள். சக்கர நாற்காலியில் வரும் சிறுமியின் பெயர்.

தலைமையாசிரியருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தீங்களா மேடம்? எங்க பிள்ளைங்க தங்கம்! நல்ல மார்க்கா போட்டு அனுப்புங்க."

நல்ல மதிப்பெண் போனால், இனி உதவி தேவையில்லை என்று நாற்காலி தள்ளும் ஆயாவை வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். ஆயா இல்லாமல் அந்தச் சிறுமியால் கழிப்பறைக்குக்கூடப் போக முடியாது.

"அதெப்படிண்ணா எல்லாரும் ஒரே பேரைச் சொல்லுவாங்க? எங்கயோ உதைக்குது," என்றாள் தங்கை.

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் இடைவேளை நேரத்தில் என் ஆட்டோவில் போய் நின்றோம். மரத்தடியில் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். கண் மட்டும் மைதானத்தில் ஓடும் பந்தின் மேல்.

"நீ விளையாடப் போகலியா?"

"இன்னிக்கு என் முறை, மிஸ். எங்க கிளாஸ் மிஸ்தான் முறை வெச்சாங்க. நீங்க கேட்டா யார் பேரைச் சொல்லணும்னும் சொல்லிக் குடுத்தாங்க."

தங்கை என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, இதுவரை யாரும் கேட்காத ஆளிடம் கேட்டாள். "உனக்கு யாரைப் புடிக்கும்?"

நாற்காலிச் சிறுமி குரலைத் தாழ்த்தினாள். "எங்க கிளாஸ் முட்டைக்கண்ணியை. மத்தவங்க நான் என்ன சொன்னாலும் சரி சரிம்பாங்க. அவ மட்டும்தான் 'போடி, அழுகுணி ஆட்டம் ஆடுற'ன்னு சண்டைக்கு வருவா. முறை இல்லாதப்பவும் வருவா."

ஒரே ஒரு தோழி உண்டு, மற்றதெல்லாம் ஏற்பாடு என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பினாள் தங்கை. தலைமையாசிரியர் குதித்தார்.

"உங்க கண்ணுக்கு மட்டும் எப்படி மேடம் குறை தெரியுது?"

"அந்தப் பிள்ளையவே கேட்டேன் சார்."

ஆயா அங்கேயே இருக்கிறார். முறை நின்றுவிட்டது. அதற்கப்புறம் போனபோது மரத்தடிக்கு முட்டைக்கண்ணி மட்டும்தான் வந்திருந்தாள், நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக் கத்திக்கொண்டு. தங்கைக்கு அதிலும் சந்தேகம்.

"உன்னை யாராச்சும் அனுப்பினாங்களா?"

"இவளோட மாரடிக்க யாரு மிஸ் அனுப்புவா?" என்று சொல்லிவிட்டு, அவள் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தாள்.