வைரவருக்கு வைத்த கற்பூரம்

பிள்ளைகளே, அப்போது நம் ஊரில் இருந்தது ஒரே கடை. அதில் முதலில் குளிக்கிற சவர்க்காரம் களவு போனது, பிறகு பால்மா. எடுத்தது ஊர் ஆட்கள்தான். யார் என்றுதான் தெரியவில்லை.

"வெள்ளிக்கிழமை எல்லாரும் வாங்கோ. வைரவருக்கு முன்னாலை கற்பூரம் கொளுத்திச் சத்தியம் பண்ணுங்கோ. இல்லாட்டிக் கடையைப் பூட்டிப்போடுவன்," என்றார் கடைக்கார அண்ணை.

பொய்ச் சத்தியம் செய்தவனை எங்கள் காவல் தெய்வம் வைரவர் விடமாட்டார். அதனால் களவு நின்றுவிடும் என்று நம்பினோம்.

வெள்ளிக்கிழமை கடை வாசலில் வைரவர் படத்துக்கு முன்னால் கூடினோம். அண்ணை கற்பூரம் எடுக்கக் கடைத் தட்டில் கைவைத்தார். காலையில் வைத்த பெட்டியைக் காணவில்லை.

"உந்தக் கற்பூரத்தையும் களவெடுத்துப்போட்டாங்களோ, அண்ணை?" என்று ஒருவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. வைரவருக்கும் பயப்படாத ஒருவர் எங்களுக்குள்தான் நின்றார்.

அண்ணை கடைக் கதவைச் சாத்திப் பூட்டினார்.