நான்காவது வேட்டி

ஆரணியில் எங்கள் வீட்டில் கல்யாணத்துக்கு முந்தின வாரம் முன்னோருக்குப் படையல் போடுவோம். இறந்துபோன ஆண் ஒவ்வொருவருக்கும் ஒரு புது வேட்டி, பெண்ணுக்கு ஒரு புடவை. வேண்டிய சாமான்களை என் டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டுவது என் வேலை. தொண்ணூறுகளில் நடந்த இரண்டு கல்யாணங்களுக்கும் ஒரே மாதிரிதான் எழுதியிருக்கிறேன்: வேட்டி மூன்று. தாத்தாவுக்கு, அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு. அண்ணனுக்கு இல்லை.

அண்ணன் குண்டு வீசும் விமானத்தின் பைலட். 1971 போரில் ஒரு ராத்திரி எல்லை தாண்டிப் போன விமானங்களில் அவருடையது மட்டும் திரும்பவில்லை. வந்த தந்தியில் காணவில்லை என்றுதான் இருந்தது. இறந்தார் என்று இல்லை. அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு வீடு முப்பது வருடம் ஓட்டியது. அவர் படத்துக்கு யாரும் மாலை போடவில்லை. விசேஷத்துக்கு வருகிறவர்கள் அண்ணியை ஓரமாக அழைத்து, "ஏதாச்சும் தகவல் வந்துதாம்மா?" என்பார்கள். அவர் "இல்லீங்க" என்பார். அண்ணனோடு அவர் வாழ்ந்தது எட்டு மாதம்.

2001இல் என் மகள் கல்யாணத்துக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது அண்ணி பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, இந்த வாட்டி நாலுன்னு எழுதுங்க."

நான் பேனாவை மூடினேன்.

"ஒரு தபா அழுது முடிச்சிடறேன் தம்பி. 'இல்லீங்க, இல்லீங்க'ன்னு இன்னும் எத்தினி பேருக்குச் சொல்றது?"

"அம்மா கிட்ட யாரு சொல்றது அண்ணி?"

அண்ணி அடுப்படிக்குப் போய்விட்டார். பேனாவைத் திறந்து, மூன்று என்று எழுதியிருந்ததை அடித்தேன். நான்கு என்று எழுதக் கை வரவில்லை.

மறுநாள் காலை அம்மா கூடத்தில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். அண்ணி பூ கட்டிக்கொண்டிருந்தார். வாழையிலை, வெல்லம், கற்பூரம் எல்லாம் படித்துவிட்டு, "வேட்டி..." என்றதும் நிறுத்திவிட்டேன்.

"இன்னாடா, தொண்டைல முள்ளு மாட்டிகிச்சா? நாலுன்னு படி. நேத்து இவ சொன்னது எனக்கும் கேட்டுச்சு" என்றார் அம்மா.

பாக்குவெட்டி நிற்கவில்லை.

"ராத்திரில, வெளக்கில்லாம, ஆகாசத்துல வழி கண்டுபுடிச்சுப் போனவன்டா. உசுரோட இருந்தா ஆரணிக்கு வழி தெரியாதா அவனுக்கு? எனக்கு எப்பவோ தெரியும். இவ காத்துகினு இருக்காளேன்னுதான் இத்தினி நாளு வாயத் தொறக்கல."

அண்ணி பூவைக் கீழே வைத்தார். "அய்யோ அத்த! நீங்க காத்துகினு இருக்கீங்கன்னுதானே நான் பேசாம இருந்தேன்!"

"நல்லா காத்தோம் போ, ரெண்டு பேரும்." அம்மா சிரிக்கத்தான் தொடங்கினார், பிறகு முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அண்ணி அவர் மடியில் சாய்ந்து அழுதார். டைரியைக் கையில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். அம்மாதான் முதலில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பூவ எதுக்குக் கீழ வெச்ச? எடு. உன் தலைக்கும் சேத்துக் கட்டு." என் பக்கம் திரும்பினார். "நீ பன்னா அகலமா பாத்து எடுடா. ஆறடி ஆளு. கணுக்காலு தெரிஞ்சா அங்க இருந்தும் கத்துவான்."

படையல் வேட்டிகளை வீட்டு ஆண்கள் கட்டிக்கொள்வது வழக்கம். நான்காவது எனக்கு வந்தது. கல்யாணத்தன்று அது மண்டபத்துத் தரையைக் கூட்டியது.

"தூக்கிக் கட்டுங்க தம்பி. சம்பந்தி வீட்டுக்காரங்க எதிர்ல உழுந்து வெக்காதீங்க" என்றார் அண்ணி.

பந்தி வாசலில், சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் அவரை நிறுத்தி, வழக்கம்போல் தகவல் கேட்டார்.

"அவரு சண்டையிலயே போயிட்டாருங்க" என்றார் அண்ணி. "நீங்க சாப்ட்டீங்களா? வாங்க, உள்ள எடம் இருக்குது."