நான் மாட்டிய சிவப்பு அட்டை

என் கணவர் மெஷின் பழுது பார்க்கிற ஃபிட்டர். நான் அதே கம்பெனியில் மசாலாப் பொடி பாக்கெட் போடும் மெஷினை ஓட்டுகிறவள். மெஷின் நின்றால் எனக்கு ஏச்சு, அவருக்குச் சோறு. ஒரே வீட்டுக்குள் இப்படி இரண்டு நியாயம் இருப்பது எங்களுக்கு வெகுநாள் உறைக்கவே இல்லை.

பிழைப்புக்காக நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரம் வந்தவர்கள் நாங்கள். வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகைக்கு இருக்கிறோம். நான் கம்பெனியின் நேரடி ஆள். அவர் காண்ட்ராக்டில் இருந்தார். சம்பளத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் என்னைப் போகச் சொல்ல நூறு காரணம் தேடவேண்டும், அவரைப் போகச் சொல்ல ஒரு போன் போதும்.

அப்போதுதான் கம்பெனியில் புதுத் திட்டம் ஒன்று வந்தது. மெஷினைப் பார்த்துக்கொள்வது ஃபிட்டரின் வேலை மட்டுமல்ல, வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை எல்லோருடைய வேலையும் என்றார்கள். முதல் நாள் மேனேஜரே துணியை எடுத்து என் மெஷினைத் துடைக்க வந்தார். அன்றைக்கு ஓடியது மிளகாய்ப் பொடி. துடைத்த கையோடு கண்ணைத் தொட்டுவிட்டார் பாவம். அதற்குப் பிறகு அவர் மெஷின் பக்கத்தில் நின்று போட்டோவுக்குச் சிரிப்பதோடு சரி.

மற்றபடி அது விளையாட்டுத் திட்டம் இல்லை. துடைக்கத் துடைக்க மெஷினின் குறை கண்ணில் பட்டது. ஒவ்வொரு போல்ட்டின் மேலும் நட்டின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு இழுத்தோம். போல்ட் இளகினால் கோடு விலகிவிடும், யார் பார்த்தாலும் தெரியும். கோடு மறையக்கூடாது என்று ஆயுத பூஜைச் சந்தனத்தைக்கூட மெஷின் கதவில் மட்டும் வைக்கச் சொன்னார்கள். குறை தென்பட்ட இடத்தில் அட்டை மாட்டவேண்டும். நாமே சரிசெய்யக்கூடியது என்றால் வெள்ளை, ஃபிட்டர் வரவேண்டும் என்றால் சிவப்பு.

எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை ஃபிட்டர்களிடமே விட்டார்கள். எங்கள் பகுதிக்கு என் கணவரே வந்தார்.

"மெஷினு ஒங்க பிள்ள மாதிரி பாத்துக்கோங்க. பிள்ளைக்கு மூக்கு ஒழுகினா நீங்களே தொடைப்பியளா, டாக்டரக் கூப்பிடுவியளா?" என்று கேட்டார். கூட வேலை செய்த சேச்சிமார் எல்லாம் சிரித்தார்கள். பெல்ட்டை இழுத்துக் கட்டுவது, எண்ணெய் விடுவது, சத்தத்தை வைத்து பேரிங் தேய்ந்ததைக் கண்டுபிடிப்பது என்று ஒன்று பாக்கி வைக்காமல் சொல்லிக் கொடுத்தார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கண்ணெதிரே பார்த்தேன். அந்தச் சமயத்தில் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

சிவப்பு அட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. ஒரு கூட்டத்தில் எங்கள் இன்ஜினியர், நல்ல பையன்தான், போர்டில் சிவப்புக் கோடு கீழே இறங்குவதைக் காட்டினார். எல்லோரும் கைதட்டினோம். இப்படியே போனால் ஷிஃப்டுக்கு மூன்று ஃபிட்டர் வேண்டாம், ஒருவரே போதும் என்றார் சந்தோஷமாக. என் கை நின்றுவிட்டது. என் கணவர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லியா? ஒருத்தர் போதும்னா மத்த ரெண்டு பேரு எங்க போவாங்க?"

"மெஷினு நல்லா ஓடுகதுக்கு நீ என்னத்துக்குட்டி மொகத்தத் தூக்கி வச்சிருக்க? வேல தெரிஞ்சவன யாரும் வெளிய விடமாட்டாவ" என்றார்.

எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. மாதக் கடைசியில் சிவப்பு அட்டைகளை எண்ணிப் பார்த்துத்தான் ஆட்களை முடிவுசெய்வார்கள் என்று பேச்சு அடிபட்டது. அந்த வாரம் ஒரு காலையில், பாக்கெட்டின் வாயைச் சூடு வைத்து ஒட்டுகிற பாகத்தில் ஒரு போல்ட் இளகி, மஞ்சள் கோடு விலகியிருந்தது. ஸ்பேனர் என் மேஜையிலேயே இருந்தது. ஒரு முறுக்கில் தீர்கிற காரியம். நான் மெஷினை நிறுத்திவிட்டுச் சிவப்பு அட்டையை மாட்டினேன். என் புருஷன் வேலைக்காக ஒரு பொய் அட்டை மாட்டினால் உலகம் முழுகிவிடாது.

இன்ஜினியர்தான் முதலில் பார்த்தார். "சேச்சி, இதினு வெள்ள போரே?" என்றார். வெள்ளை போதாதா என்று தன்மையாகத்தான் கேட்டார். சத்தம் வேறு மாதிரி வருகிறது, ஃபிட்டர் பார்க்கட்டும் என்றேன்.

இவர் பெட்டியோடு வந்தார். குனிந்து பார்த்தார். போல்ட்டைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. ஒன்றும் பேசாமல் பெட்டியைத் திறந்து, கொஞ்ச நேரம் எதையாவது கழற்றி மாட்டிவிட்டுப் போயிருந்தால் போதும். கண்ணாலேயே கெஞ்சினேன்.

அவர் சிவப்பு அட்டையைக் கழற்றினார். என் மேஜையிலிருந்த ஸ்பேனரை எடுத்து என் கையிலேயே வைத்தார். "இது ஒன் வேலதான். முறுக்கு" என்றார்.

இன்ஜினியர் பக்கத்திலேயே நின்றார். சேச்சிமார் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறுக்கினேன். கோடு நேராகச் சேர்ந்தது. மெஷின் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியது. பிழைக்கத் தெரியாத மனுஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.

மாதம் முடிந்ததும் போன் வந்தது. அவரையும் இன்னொருவரையும் வேண்டாம் என்றுவிட்டார்கள். அதே வாரம் எங்கள் பகுதிக்குப் பாயசம் கொடுத்தார்கள், பழுதே இல்லாத மாதம் என்று. நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

இப்போது அவர் பொன்முடிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், பழைய மெஷின்களோடு மல்லுக்கட்டுகிறார். அங்கே துடைப்பாரும் இல்லை, கோடு போடுவாரும் இல்லை. தினமும் ஏதாவது நின்றுபோகிறது, அதனால் அவருக்கு வேலை இருக்கிறது. மலையில் பஸ் குறைவு, சனிக்கிழமைதான் வருவார். இங்கே மெஷின்கள் நிற்காததால் ஒரு ஆளுக்கு இரண்டு மெஷின் என்று ஆக்கிவிட்டார்கள். என் பக்கத்து மெஷினில் நின்ற சேச்சியும் இப்போது இல்லை.

சனிக்கிழமை வந்து, கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்ததும் அவர் கேட்பது ஒன்றுதான்.

"ஒன் மெஷினு எப்பிடி ஓடுகு?"

"நல்லா ஓடுது."

"நிக்கவே இல்லியா?"

"நிக்கல."

அவர் முகம் மலர்ந்துபோகிறது. "நான் சொல்லிக் குடுத்ததுல்லா" என்கிறார். குழம்புச் சட்டியை எடுத்து இன்னும் கொஞ்சம் ஊற்றுகிறேன். மறுநாள் சாயங்காலம் அவர் பையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போகிற விதுரா பஸ்ஸுக்கு இறங்கிப் போகிறார்.