பொட்டு வைக்காத மிஷின்

1991-ல், ஆயுத பூஜை முடிந்த சில நாளில் நடந்தது இது. அப்போது நான் ஒரகடம் பக்கத்தில் ஒரு சின்ன பிரஸ் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு அந்த ரோட்டில் கன்டெய்னர் லாரிக்கு நடுவில் ஷேர் ஆட்டோ நுழைய இடமில்லை. அன்றைக்கு ஏரி, சவுக்குத் தோப்பு, நடுவில் எங்களுடையது மாதிரி ஒன்றிரண்டு ஷெட், அவ்வளவுதான். மறைமலை நகரில் இருந்த ஒரு பெரிய கம்பெனிக்கு வண்டியில் பொருத்துகிற தகட்டுச் சாமான்களை அடித்துக் கொடுப்போம். படப்பையில் வாடகை வீடு எடுத்து நானும் என் மனைவியும் இருந்தோம். வேலைக்கு சைக்கிளில் போய் வருவேன்.

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. இதற்குப் பின்னால் பெரிய கதை எதுவும் இல்லை. மீசை முளைக்கிற வயதில் கும்பிடுவதை நிறுத்திப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை, அப்படியே விட்டுவிட்டேன். யாரிடமும் போய் வாதாடுகிற ஆளும் இல்லை. என் மனைவி விளக்கேற்றும்போது தீப்பெட்டி எங்கே என்று தேடினால் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். பட்டறையில் எனக்கு 'கருப்புச்சட்டை' என்று பேர். என்னிடம் கருப்புச் சட்டையே கிடையாது. ஆனால் அந்தப் பேரில் ஒரு பிரியம் இருந்தது, நானும் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன்.

பட்டறையில் மூன்று பிரஸ் மிஷின். தகட்டை உள்ளே வைத்துவிட்டு பட்டனை அழுத்தினால் மேலே இருந்து கனமான இரும்பு அச்சு இறங்கி ஒரே அடியில் வடிவத்தை வெட்டிவிடும். இதில் கை மாட்டக்கூடாது என்பதற்காக இரண்டு பட்டன் வைத்திருப்பார்கள், ஒன்று இடது பக்கம், ஒன்று வலது பக்கம். இரண்டையும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்குக் கீழே வைக்கக் கை ஏது? ஆனால் இப்படி வேலை செய்தால் உருப்படி கம்மியாகத்தான் வரும். அதனால் எங்கள் சூப்பர்வைசர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஒரு பட்டனில் மர ஆப்பு செருகி அழுத்தினபடியே நிறுத்திவிடுவார். அப்புறம் ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். வேலை பறக்கும்.

மூன்று மிஷினிலும் ஆப்பு இருந்தது. என் ஷிஃப்ட்டில் நான் முதல் வேலையாக என் மிஷின் ஆப்பைப் பிடுங்கிப் போடுவேன். நான் போனதும் அடுத்த ஷிஃப்ட்டில் அவர் திரும்பச் செருகுவார். இதைப் பற்றி அவரிடம் நான் சண்டை போடாத வாரமே கிடையாது. "உன் ஒருத்தனால லைன் நிக்குதுபா" என்பார். சலித்துக்கொள்வார், அதோடு சரி.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு வழக்கம்போல ஷெட்டைக் கழுவி, மிஷினை எல்லாம் துடைத்து, வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். என் மிஷின் கிட்ட வந்ததும் நான், கிரீஸ் வைத்துவிட்டேன், அதுக்கு அது போதும், பொட்டு வேணாம் என்றேன். அதற்கு முந்தைய வருஷங்களிலும் இதையேதான் சொல்லியிருக்கிறேன். சிரித்துவிட்டு அடுத்த மிஷினுக்குப் போய்விட்டார்கள். எங்களிடம் ஒரு கிறிஸ்தவர் இருந்தார், வயதானவர். அவர் மிஷினில் மாதா படம் ஒட்டியிருக்கும். அதற்கு அவர்களே ஒரு முழம் பூ போட்டார்கள். பொரி கடலை பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நானும் எல்லோருடனும் உட்கார்ந்து சாப்பிட்டேன். யாருக்கும் எந்த மனக்கசப்பும் இல்லை.

என் மனைவியின் தம்பி அப்போதுதான் எங்கள் பட்டறையில் சேர்ந்திருந்தான். நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். கல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலகலப்பான பையன், என்னைக் கிண்டல் பண்ணுவதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அந்த வாரம் அவனுக்கு இரண்டாவது ஷிஃப்ட், என் மிஷினில். ஒரு சாயங்காலம் நான் வீட்டில் குளித்துக்கொண்டிருந்தபோது பட்டறையிலிருந்து ஆள் வந்தது. மச்சானுடைய வலது கையில் மூன்று விரல் போய்விட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் மாமியார் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினார். "ஒரு பொட்டு வச்சா இன்னா கொறஞ்சா பூடுவ நீ?" என்று கேட்டார். எனக்கு முதலில் புரியவே இல்லை. என்ன பொட்டு, எதைப் பற்றிப் பேசுகிறார் என்று நின்றேன். பக்கத்தில் சூப்பர்வைசர் கையைக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்து நின்றார். நான் வந்து சேர்வதற்குள் காரணம் வந்து சேர்ந்திருந்தது. பூஜை போடாத மிஷின் காவு வாங்கிவிட்டது.

மறுநாள் பட்டறைக்குப் போனேன். என் மிஷின் பட்டனில் ஆப்பு இல்லை, யாரோ எடுத்துவிட்டிருந்தார்கள். நான் ஒவ்வொருத்தரிடமும் போய்ச் சொன்னேன், ஆப்புதான்பா காரணம், அது இல்லாமல் இருந்தால் கை உள்ளே போயிருக்கவே முடியாது என்று. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டுக்கொண்டார்கள். அந்தக் கிறிஸ்தவப் பெரியவர் மட்டும் என் தோளில் கை வைத்து, "ஏதாச்சும் ஒண்ண வச்சிருக்கலாமேப்பா. எங்க மாதாவையாச்சும் கேட்டிருந்தா குடுத்திருப்பேனே" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டுச் சொன்னார்.

என் மிஷினை யாரும் தொடவில்லை. சாப்பாட்டு வேளையில் நான் போய் உட்கார்ந்தால் ஒவ்வொருத்தராகக் கை கழுவப் போய்விடுவார்கள். டீக்கடையில் பேச்சு நின்றுவிடும். தெருவில் என் மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, உன் புருஷனுக்குப் புத்தி சொல்லக்கூடாதா என்று கேட்டார்களாம். 'கருப்புச்சட்டை' என்று அதற்கப்புறம் ஒருத்தர் கூடக் கூப்பிடவில்லை. அந்தப் பேரை அவ்வளவு தேடுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

வீட்டில் என் மனைவியிடம் மறுபடி மறுபடி விளக்கினேன். காகிதத்தில் இரண்டு பட்டனை வரைந்துகூடக் காட்டினேன். அவள் பொறுமையாகப் பார்த்தாள். பிறகு, "நீங்க சொல்றது நெசமாவே இருக்கட்டுங்க. அந்த நெசத்த வச்சிக்கினு என் தம்பி இன்னா பண்ணுவான்?" என்றாள். அதற்கப்புறம் அவளிடம் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஆனால் மச்சான் புரிந்துகொள்வான் என்று நம்பினேன். மிஷினில் நின்றவன் அவன்தானே. வீட்டுக்கு வந்ததும் போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தான். உள்ளதைச் சொல்லுடா, பட்டனில் ஆப்பு இருந்ததா இல்லையா என்று கேட்டேன்.

"இருந்துச்சி மாமா. மூணு மிஷின்லயும்தான் கீது. வேற எவனுக்கும் கை போவலியே" என்றான்.

இன்னொரு நாள் அவர்களுக்கும் போகும்டா என்று சொல்லலாம். அதைப் போய் அவனிடம் எப்படிச் சொல்வது? அவனே தொடர்ந்தான். "உன் மேல எனக்குக் கோவம் இல்ல மாமா. சாமிக்கு உன் மேல கோவம், என் கைல காட்டிட்டாரு. நீ ஒரு தபா உன் கையால பூச போட்டுடு. எனக்கோசரம்." அவன் முகத்தில் வஞ்சனையே இல்லை. என்னை மன்னித்துவிட்ட நிம்மதிதான் இருந்தது. வெளியே வந்து, சைக்கிளில் ஏறாமல் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

முதலாளியும் கூப்பிட்டு அதையேதான் கேட்டார். அவர் படித்தவர். நீ சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை, ஆனால் ஆட்கள் மிஷின் பக்கம் வரமாட்டேன் என்கிறார்கள், நீயே முன்னால் நின்று பூஜை போட்டால்தான் சரிவரும் என்றார். நான் யோசித்தேன். எல்லோருக்கும் என்னிடமிருந்து ஒன்று வேண்டியிருக்கிறது, அதற்குப் பதிலாக நான் ஒன்றைக் கேட்கலாம். மூன்று மிஷினிலும் பட்டனைச் சுற்றி இரும்பு வளையம் வைத்து, ஆப்பே செருக முடியாதபடி செய்யுங்கள், அப்படிச் செய்தால் பூஜை போடுகிறேன் என்றேன். சரி என்றார். அந்த வாரமே ஃபிட்டர் வந்து வளையம் வைத்துவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை பூஜை. மிஷினுக்குச் சந்தனம் வைத்தேன், குங்குமம் வைத்தேன். மாலை போட்டேன். சூடம் காட்டினேன். பூசணிக்காயை மிஷினுக்குச் சுற்றி வாசலில் போட்டு உடைத்தேன். இது வெறும் பூசணிக்காய், விரல்கள் பெரிது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் உடைத்தேன். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் எல்லோர் முகமும் மலர்ந்திருந்தது. சூப்பர்வைசர் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். மச்சான் இடது கையால் திருநீறு எடுத்து என் நெற்றியில் பூசினான். பூஜைக்கு வந்திருந்த என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை நாள் எங்கே போயிருந்தது இந்தப் பாசமெல்லாம் என்று எனக்கு அழுகை வந்தது. நான் மனம் மாறிவிட்டேன் என்று நினைத்து அதற்கும் சந்தோஷப்பட்டார்கள்.

சில மாசம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. பிறகு பெரிய கம்பெனியிலிருந்து அவசர ஆர்டர் வந்தது. ஓவர்டைம் மேல் ஓவர்டைம். ஒரு நாள் ஷிஃப்ட்டுக்குப் போனால் வளையங்களைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள், மூன்று மிஷினிலும் பழையபடி ஆப்பு. நான் சூப்பர்வைசரிடம் கத்தினேன். அவர் கோபப்படவே இல்லை. "இனிமே இன்னாபா பயம்? நீயே உன் கையால சுத்திப் போட்டியே" என்றார். சுற்றி நின்றவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். விரல் போன நாளிலிருந்து அவர்களுக்குக் கொஞ்சமாவது பயம் இருந்தது. மிஷின் பக்கம் வரவே தயங்கினார்கள். அந்தப் பயத்தை எடுத்துப் போட்டது நான்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முதலாளியிடம் போனேன். இந்த ஆர்டர் முடியட்டும் என்றார்.

ஆர்டர் முடிவதற்குள் இன்னொருத்தனுக்கு விரல் போனது. அதே மிஷின்தான். குங்குமம் வைத்து, மாலை போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் சூடம் காட்டின மிஷின். ஓடிப்போய் துணியால் கையைச் சுற்றிக் கட்டியவன் நான். ரத்தத்தோடு அந்த இடத்தில் நின்றபோது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இப்போதாவது இவர்களுக்குப் புரியும் என்று ஒரு நினைப்பு ஓடியது.

யாருக்கும் புரியவில்லை. யாரும் பொட்டைப் பற்றிக் கேட்கவில்லை, பூசணிக்காயைப் பற்றிக் கேட்கவில்லை. பாவம், அவன் தலையெழுத்து, என்ன பண்றது என்றார்கள். அன்று சாயங்காலம் மச்சான் வீட்டுக்கு வந்தான். அப்போது அவன் அதே பட்டறையில் வாட்ச்மேனாக இருந்தான். மிஷினுக்கு வெள்ளிக்கிழமை பூ வாங்கிப் போடுவதும் அவன்தான். அக்கா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, "ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்காத மாமா. அன்னிக்கு நீ மனசாரதான் பண்ணியா?" என்றான்.

அவனிடம் நான் பொய் சொல்லவில்லை, இல்லடா என்றேன். அவன் தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டான். சண்டை போடவில்லை. அவனுக்கு விடை கிடைத்துவிட்டது. எழுந்து, அக்காவிடம் சொல்லிக்கொண்டு போய்விட்டான். அடுத்த மாசம் நான் அந்த வேலையை விட்டேன். போகிற அன்றைக்கும் மூன்று ஆப்பையும் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டுத்தான் போனேன். மறுபடி செருக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அதற்கப்புறம் மறைமலை நகர், தண்டலம் என்று பல இடத்தில் வேலை பார்த்துவிட்டேன். எங்கேயும் ஆயுத பூஜை அன்றைக்கு நான் எதுவும் பேசுவதில்லை, பொட்டு வைக்க வந்தால் தள்ளி நின்றுகொள்கிறேன். மச்சானுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. பேரன் பேத்தி எடுத்துவிட்டான், இன்றைக்கும் என்னிடம் பாசமாகத்தான் இருக்கிறான். சாமி கும்பிடாததற்காக ஊர் என்னை ஒதுக்கிய வருத்தம் எனக்கு ஆறிப்போய் ரொம்ப காலமாகிறது. கூடவே நின்று வேலை செய்கிற மனிதனிடம், அவன் விரலைக் காப்பாற்றுகிற ஒரு விஷயத்தை நம்ப வைக்க என்னிடம் ஒரு வார்த்தை கூட இல்லாமல் போனதுதான், தகடு வெட்டுகிற சத்தம் காதில் விழும்போதெல்லாம் இன்றைக்கும் என் கையை நானே இழுத்து மார்போடு வைத்துக்கொள்ளச் செய்கிறது.