பழைய நேரம், காலை ஏழு பத்து

அந்தத் துண்டுக் கடதாசியில் 'பழைய நேரம், காலை 7.10' என்று எழுதியிருந்தது. முதல் இரண்டு சொற்களையும் நான் படித்தேன். அவற்றின் பொருள் எனக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணை மட்டும் கணினியில் தட்டினேன். என் மகனுக்கும் அவன் விரும்பிய பெண்ணுக்கும் நடக்கவிருந்த கலியாணத்தை நான் குழப்பியது இப்படித்தான். பொய் ஒன்றும் சொல்லவில்லையே என்று மூன்று வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேரம்தான் என் தொழிலாக இருந்தது. ரொறன்ரோவில் ஓய்வு பெறும்வரை, விமானச் சீட்டு விற்கும் கணினிகளுக்கு நேர விதி எழுதினேன். எந்த ஊரில், எந்த நாளிலிருந்து எந்த நாள்வரை, மணிக்கூடு உலகப் பொது நேரத்திலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்று ஓர் அட்டவணை. ரொறன்ரோவுக்கு மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணித்தியாலம் முன்னே, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே என்று ஒரு வரி. முன்பு அது ஏப்ரலும் ஒக்ரோபருமாக இருந்தது. அதற்கு வேறொரு வரி. அரசாங்கம் விதியை மாற்றினால் பழைய வரியை அழிக்கக்கூடாது, கீழே புதியதைச் சேர்க்கவேண்டும். பழைய நாட்கள் பழைய விதிப்படிதானே நடந்தன. இன்னொரு பழக்கமும் எனக்கு இருந்தது. எந்தக் கணக்குப் போட்டாலும், எந்த விதியைக் கொண்டு போட்டேன் என்பதைத் தாளின் கீழ் மூலையில் அச்சிட்டுவிடுவேன். அது நேர்மையின் அடையாளம் என்று பெருமைப்பட்டவன் நான்.

ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்க முடியாமல் சாதகம் கணிக்கும் மென்பொருள் ஒன்றை எழுதினேன். கோயில் ஐயர் முதலில் சிரித்தார், பிறகு அவரே பாவிக்கத் தொடங்கினார். ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் பொருத்தம் பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் வந்தார்கள்.

இலங்கைக்கான வரிகளையும் நான்தான் எழுதினேன். தொண்ணூறுகளின் நடுவில், மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. சில மாதங்களில் அதில் பாதியைக் குறைத்தது. ஏறத்தாழப் பத்து வருடம் நாடு உலகப் பொது நேரத்திலிருந்து ஐந்தரைக்குப் பதிலாக ஆறு மணித்தியாலம் முன்னே நின்றது. ஆனால் அரசாங்கத்தோடு போரிட்ட இயக்கத்தின் கட்டுப்பாட்டில், வடக்கே இருந்த வன்னியில் மணிக்கூட்டைத் தொடவில்லை. அங்கே பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில் இரண்டு நேரம். என் அட்டவணையில் ஒன்றுதான் இருந்தது.

இது எனக்குத் தெரியாததல்ல. சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், வன்னியில், கிளிநொச்சியில் இருந்த என் அக்கா காலை ஏழு மணிக்குத் தொலைபேசி நிலையத்துக்கு எடுக்கச் சொன்னார். கணினி சொன்ன நேரத்தில் எடுத்தேன். ஆள் வரவில்லை என்றார்கள். மறுபடி எடுத்தபோது அக்கா சிரித்தார்.

"அரை மணித்தியாலம் முந்தி எடுத்தனியாம். கொம்பியூட்டருக்கு நேரம் படிப்பிக்கிறவருக்கு மணிக்கூடு பாக்கத் தெரியேல்லயோ? இஞ்ச பழைய நேரமடா, பழைய நேரம்!"

அடுத்த நாளே வன்னிக்கென்று ஒரு வரியைச் சேர்த்திருக்கலாம். அரசாங்கம் அறிவிக்காத நேரத்தை அட்டவணையில் போடுவதா என்ற வீம்பில் விட்டுவிட்டேன்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்யும் பெண்ணை விரும்புவதாக மகன் சொன்னான். தகப்பன் கடைசி யுத்தத்தில் இறந்துவிட்டார். தாயும் மகளும் டோர்செட் பார்க்கில் மாடிக் குடியிருப்பு ஒன்றில் இருக்கிறார்கள். தாய் வோபர்னில் ஒரு சாப்பாட்டுக் கடையில் ரோல்ஸ் சுற்றுகிறார். எனக்கோ வசதியானவர்கள் வாழும் யூனியன்வில்லில் ஒரு டொக்டர் குடும்பத்தின் மேல் கண். மகனிடம் அதைச் சொல்லத் துணிவில்லை. "நல்லது, சாதகக் குறிப்பைப் பாப்பம்" என்றேன்.

தாய் வந்தார். கையில் ஒரு பெட்டி ரோல்ஸ், மறு கையில் பிளாஸ்ரிக் உறைக்குள் அந்தத் துண்டு.

"குறிப்பு எழுதின கொப்பி சண்டையில இடம்பெயரேக்க துலைஞ்சு போட்டுது அண்ணை. இதுதான் இருக்கு. பிள்ளை பிறந்த கையோட ஆஸ்பத்திரியில வைச்சு இவளின்ர அப்பா எழுதினவர். அவற்ற கையெழுத்தெண்டு எங்களிட்ட இது மட்டும்தான் மிச்சம்."

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி. ஸ்கான் பண்ணிப்போட்டுத் தாறன்."

அவர் போனபின், அந்தப் பத்து வருடத்துக்குள் வந்த பிறந்த திகதியையும் இடம் கிளிநொச்சி என்றும் போட்டேன். நேரம் ஏழு பத்து; கணினி அதைப் புது நேரமாக எடுத்தது. அரை மணித்தியாலப் பிழையில் லக்கினம் ஒரு ராசி பின்னே போனது. ஆறாம் வீட்டில் இருக்கவேண்டிய செவ்வாய் ஏழாம் வீட்டில் வந்து நின்றது. செவ்வாய்க் குற்றம். புருஷனுக்கு ஆகாது என்பார்கள். மகனின் குறிப்பிலோ அது இல்லை. பொருந்தாது.

"அம்மா, உது ஒரு சொஃப்ற்வெயர்," என்று மகன் கத்தினான். "அப்பா பேஸ்மென்ற்ல இருந்து எழுதினது!"

"அப்பா எழுதினபடியால்தான் நம்புறன்," என்றாள் என் மனைவி.

பெண்ணின் தாய் சண்டைக்கு வருவார், பழைய நேரம் என்று எழுதியிருந்ததே என்று கேட்பார் என எதிர்பார்த்திருந்தேன். அதற்குப் பதிலும் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் தொலைபேசியில் சொன்னது வேறு.

"நீங்கள் போட்டுப் பாத்தா சரியாத்தான் இருக்கும் அண்ணை. நான் ஒருக்கா மனுசனைப் பறிகுடுத்தனான். என்ர பிள்ளையால உங்கட பிள்ளைக்கு ஒண்டும் வரக்கூடாது. விடுவம்."

தொலைபேசியை வைத்தேன். அவர் என் மகனைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார். அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. துண்டைக் கேட்டு அவர் இரண்டு தரம் எடுத்தார். "எங்கயோ வைச்சிட்டன், தேடிப் பாக்கிறன்" என்றேன். அது என் மேசை லாச்சியில்தான் கிடந்தது. யாராவது அந்த இரண்டு சொற்களைப் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். யூனியன்வில் சம்பந்தமும் சரிவரவில்லை. மகன் ஒரு வருடம் எங்களோடு இருந்துவிட்டு வான்கூவருக்கு வேலை மாற்றிக்கொண்டு போய்விட்டான்.

இந்த வருடம், முன்பின் தெரியாத ஒரு தாய் தொலைபேசியில் கேட்டார்: "அங்கிள், என்ர மகன் முல்லைத்தீவில பிறந்தவர். பழைய நேரத்தைப் போடுறதோ, புது நேரத்தைப் போடுறதோ?" இவ்வளவு எளிமையான கேள்வி. அந்த வரியைச் சேர்க்கப் பத்து நிமிடம் போனது. பிறகு மகன் விரும்பிய பெண்ணின் விவரங்களை மறுபடி போட்டேன். செவ்வாய் ஆறாம் வீட்டுக்கு நகர்ந்தது. வருமென்று தெரிந்த விடைதான். பத்து நிமிட வேலை!

அந்த ஞாயிற்றுக்கிழமை டோர்செட் பார்க்குக்குப் போனேன். தாயும் மகளும் வீட்டில் இருந்தார்கள். உட்காரச் சொல்லுமுன்பே சொல்லத் தொடங்கினேன். பழைய நேரத்தைப் பார்த்தது, பார்த்தும் மறைத்தது, ஏன் மறைத்தேன் என்பது, எல்லாவற்றையும்.

தாய் ஒன்றைத்தான் கேட்டார். "அப்ப பிள்ளையில ஒரு குற்றமும் இல்லையோ?"

"இல்லை, தங்கச்சி."

மகள் எழுந்து உள்ளே போய் ஒரு தாளோடு வந்தாள். மூன்று வருடத்துக்கு முன்பு நான் அச்சிட்டுக் கொடுத்த அதே தாள். கீழ் மூலையில், என் நேர்மையின் அடையாளம்: ஆறு மணித்தியாலம். ஐந்தரை இருக்கவேண்டிய இடம். அதைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம்.

"அந்தக் கிழமையே கண்டனான் அங்கிள். லாப்ல எனக்கு உதுதானே வேலை, நம்பர் செக் பண்ணுறது."

தாளை என் முன்னால் வைத்தாள்.

"உங்கட மகனுக்கும் அப்பவே சொன்னனான். அப்பா தெரியாமல் விட்டிருப்பார், கண்டுபிடிச்சுச் சொல்லுவார், வெயிட் பண்ணுவம் எண்டவர். அம்மா துண்டைக் கேக்கக் கேக்க நீங்கள் தரேல்ல. அப்பதான் எங்களுக்கு விளங்கினது. ஒரு வருசம் வெயிட் பண்ணினம். அதுக்குப் பிறகு எனக்கு அந்த வீட்டுக்கு வர மனமில்லை எண்டு நான்தான் சொன்னனான்."

"உனக்குத் தெரியுமோ?" தாய் அவள் பக்கம் திரும்பினார். "ஏனடி எனக்குச் சொல்லேல்ல?"

"சொன்னா அங்க போய்க் கெஞ்சியிருப்பீங்கள், அம்மா."

தாய் என்னைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். "துண்டு எங்க அண்ணை?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். திருத்திய சாதகத்தையும் பக்கத்தில் வைத்தேன். அதை அவர் தொடவில்லை. உறையிலிருந்து துண்டை வெளியே எடுத்து, எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். நான் அங்கே இருப்பதை மறந்துவிட்டார் போலிருந்தது. எங்கள் ஆட்களின் வீட்டில் எதிரி வந்தாலும் தேத்தண்ணி கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அன்று எனக்குத் தேத்தண்ணி வரவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். "பிள்ளைக்கும் நீங்களே சொல்லுங்கோ" என்று எழுந்து போனாள். மகனுக்கு எடுத்தேன். வான்கூவர் எங்களுக்கு மூன்று மணித்தியாலம் பின்னே; அங்கே மத்தியானம். முழுவதையும் கேட்டான்.

"தெரியும் அப்பா."

"தெரிஞ்சுகொண்டோ ஒரு வருசம் என்னோட இருந்து சாப்பிட்டனீ?"

"ஒவ்வொரு நாளும் நீங்கள் இண்டைக்குச் சொல்லுவீங்கள் எண்டு நினைச்சன்." பிறகு, "மீற்றிங் இருக்கு, வைக்கிறன்" என்றான். அதற்குப் பிறகு அவனாக எடுக்கவில்லை. நான் எடுத்தால் பேசுகிறான்.

மென்பொருளைப் பாவித்த எல்லாருக்கும் பிழையை ஒப்புக்கொண்டு கடிதம் அனுப்பினேன். அதற்கு டோர்செட் பார்க் பெண்ணிடமிருந்து வந்த பதிலில் வணக்கமும் இல்லை, நலவிசாரிப்பும் இல்லை. 'வன்னி எண்டு ஒரே வரியாப் போட்டா அதுவும் பிழை. வவுனியா டவுண் ஆமியிட்ட இருந்தது, அங்க புது நேரம். என்ர சித்தியின்ர மகள் அங்க பிறந்தவள்.' அவள் சொன்னது சரி. வரியை எடுத்துவிட்டு ஒரு கேள்வியை வைத்தேன்: பிறந்த இடத்துச் சுவரில் எந்த மணிக்கூடு தொங்கியது? பதில் சொல்லாமல் கணினி இப்போது நகராது.

போன கிழமை கோயிலில் ஐயர் சொன்னார், அந்தப் பெண்ணுக்கு ஆவணியில் கலியாணமாம். மாப்பிள்ளை அவளோடு வேலை செய்கிறவராம்.

"பொருத்தம் பார்த்தீங்களோ?" என்று கேட்டேன்.

"பாக்கவேண்டாம் எண்டு தாய் சொல்லிப்போட்டா," என்றார் ஐயர். "குறிப்பையே தரேல்ல."