வைரவன் தூக்காத கோப்பை

பொறாமைப்படுவதற்கும் உழைப்பு வேண்டும் என்பதை வைரவனைப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொண்டேன். அபுதாபிக்குப் பக்கத்தில் முசஃபா கேம்ப்பில் எங்கள் ரூமில் எட்டுப் பேர். மற்றவர்கள் டூட்டி முடிந்து வந்தால் குளிப்பார்கள், சாப்பிடுவார்கள், படுப்பார்கள். வைரவன் மட்டும் சேதுராமனுக்கு இன்றைக்கு என்ன கிடைத்தது என்று பார்த்துவிட்டுத்தான் படுப்பான்.

இருவரும் காளையார்கோவில் பக்கம், ஒரே தெரு. ஒரே ஏஜெண்ட் மூலம் ஒரே விமானத்தில் வந்து ஒரே கிளீனிங் கம்பெனியில் சேர்ந்தவர்கள். ஆனால் சேதுராமனுக்கு ஜன்னலோரக் கீழ்க்கட்டில் அமைந்தது. வைரவனுக்கு ஏசிக்கு நேர் எதிரே மேல்கட்டில். வருஷம் முழுக்க மூக்கடைப்பு. சேதுராமனுக்குக் கேட்ட மாதத்தில் லீவு கிடைக்கும். வைரவனுடைய லீவு தள்ளிக்கொண்டே போகும். சேதுராமன் இதற்கெல்லாம் துரும்பைக் கூட அசைத்ததில்லை. அதுதான் இவனுக்கு வயிற்றெரிச்சல்.

"அடிச்சுப் புடிச்சு வாங்குனான்னாக் கூட மனசு ஆறும் பாய். அவன் பாட்டுக்குச் சும்மா நிக்கிறான், வந்து விழுகுது" என்பான் என்னிடம். நான் கலீலுர் ரஹ்மான், ஊர் தொண்டி. அந்த ரூமில் அவன் புலம்பலுக்குக் காது கொடுத்த ஒரே ஆள்.

தொண்ணூற்றாறில் ஆசியக் கோப்பைக் கால்பந்துப் போட்டி அமீரகத்தில் நடப்பதாக இருந்தது. ஊரே கல்யாண வீடாகிவிட்டது. விளக்குக் கம்பமெல்லாம் கொடி, ரவுண்டானா எல்லாம் புதுப்பூச்செடி. ஸ்டேடியத்தைத் துடைத்து வைக்கிற வேலை எங்கள் கம்பெனிக்கு வந்தது. நாங்கள் நாற்காலி நாற்காலியாக மண்ணைத் துடைப்போம். மறுநாள் காற்று திரும்பவும் கொண்டுவந்து கொட்டும்.

போட்டி தொடங்கச் சில நாட்கள் இருக்கும்போது ஒரு எகிப்திய மேனேஜர் வந்து எங்களைக் கீழே மைதானத்துக்குக் கூப்பிட்டார். பரிசளிப்பு விழாவுக்கு ஒத்திகை. யார் எங்கே நிற்பது, கேமரா எங்கே இருப்பது என்றெல்லாம் பார்க்க வேண்டுமாம். ஆட்டக்காரர்களை அதற்கெல்லாம் கூப்பிட முடியுமா? துடைக்கிறவர்கள்தான் சும்மா கிடைப்பார்கள். பாதிப் பேருக்கு வெள்ளை பனியன். அவர்கள் அமீரக டீம், ஜெயித்தவர்கள். மீதிப் பேருக்கு மஞ்சள். அவர்களுக்கு நாடு கிடையாது, தோற்பது மட்டும்தான் வேலை. என் கையில் ஒரு கொடியைக் கொடுத்து லைன்ஸ்மேன் ஆக்கினார்கள்.

மேனேஜர் எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உயரமாக இருந்த வைரவனைப் பார்த்து விரலை நீட்டினார். "நீ கேப்டன்."

வைரவன் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவன் சேதுராமன் பக்கமே திரும்பவில்லை. சேதுராமன் மஞ்சள் பனியனில் வரிசைக் கடைசியில் நின்று கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

அசல் கோப்பை இன்னும் வரவில்லை. எங்கள் சூப்பர்வைசர் கம்பெனி வாலிபாலில் ஜெயித்த கோப்பையைக் கொண்டுவந்தார். அதுவும் பளபளவென்று பெரிசாகத்தான் இருந்தது. மேனேஜரே சிறப்பு விருந்தினராக மேடையில் நின்று அதை நீட்டினார்.

வைரவன் குனிந்தான். இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்படியே பின்னால் நடந்தான்.

"ஊப்பர்! ஊப்பர்!" என்று கத்தினார் மேனேஜர். தலைக்கு மேலே தூக்கவேண்டும். வைரவனுக்குப் புரியாமல் இல்லை. பெரிய மனுஷர் எதிரில் நிற்கும்போது, அவர் கொடுத்ததை அவர் தலைக்கு மேலே எப்படித் தூக்குவது? கோயிலில் எது கொடுத்தாலும் கண்ணில் ஒற்றி வாங்குகிற ஊர்க்காரன். இரண்டாவது முறை மார்பு வரைக்கும் தூக்கினான். மூன்றாவது முறை நெற்றி வரைக்கும் கொண்டுபோனான், கை தானாகக் கண்ணுக்கு இறங்கிவிட்டது.

"கலாஸ்! போதும், வேற ஆள்!" என்றார் மேனேஜர். விரல் வரிசையில் ஓடிக் கடைசியில் போய் நின்றது. வேறு யார்? சேதுராமன்தான்.

பனியனை மாற்றிக்கொண்டார்கள். சேதுராமன் கோப்பையை ஒரே கையில் வாங்கி, தலைக்கு மேலே தூக்கி, "ஏய்ய்ய்!" என்று ஒரு கத்துக் கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள். வெளிச்சம் சரிபார்க்க வந்திருந்த போட்டோக்காரர் அதைப் படம் பிடித்துக்கொண்டார். எங்கள் சூப்பர்வைசர் பிரதி கேட்டதற்கு இரண்டு கொடுத்தார். ஒன்று சேதுராமன் கட்டிலுக்கு மேலே ஏறியது, இன்னொன்று ஊருக்குப் போனது.

இரண்டு வெள்ளிக்கிழமை தள்ளி வைரவன் வீட்டுக்குப் போன் பேசினான். அடுத்தது என் முறை என்பதால் பூத் வாசலில் நின்றேன். அவன் மனைவி நாகவள்ளியின் குரல் பூத்துக்கு வெளியேயும் கேட்கும்.

"சேதுண்ணே கப்பு தூக்குன போட்டோ வந்துச்சுங்க. தெருவே வந்து பாத்துட்டுப் போகுது. அதுல நீக எங்க நிக்கிறீக? அவுக முழங்கைக்குப் பின்னாடி ஒரு காது தெரியுதே, அது நீகதானான்னு புள்ள கேக்குது."

அன்றிலிருந்து வைரவனுக்கு ஒரே வேண்டுதல். அமீரகம் தோற்கவேண்டும்.

"தோத்த டீமு கப்பு தூக்குன போட்டோவ எவன் பாய் மதிப்பான்? கிழிச்சுப் போட வேண்டியதுதானே?" என்றான். ஒரு நாடே ஜெயிக்கக் கிளம்பியிருக்கும்போது, அதே நாட்டில் சோறு தின்றுகொண்டு இவன் ஒருத்தன் எதிர்த் திசையில் இழுத்தான். நாடு இவனைச் சட்டை செய்யவில்லை. காலிறுதியில் ஜெயித்தது. அரையிறுதியில் குவைத்தையும் ஜெயித்தது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சேதுராமனின் போட்டோ நிஜத்தை நெருங்கியது. கேம்ப்பில் அவனை எல்லோரும் "கேப்டன்" என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். சமையல்காரர் அவன் தட்டில் மட்டும் இரண்டாவது மீன் துண்டைப் போட்டார். வைரவன் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டே தன் சோற்றைப் பிசைவான்.

இறுதி ஆட்டம் சவுதியோடு. மெஸ்ஸில் டிவிக்கு முன்னால் கேம்ப்பே உட்கார்ந்திருந்தது. ஜெயித்தால் ஒருநாள் லீவு என்று கம்பெனி சொல்லியிருந்ததால் வங்காளி, பட்டான், மலையாளி எல்லோரும் அன்றைக்கு அமீரகம்தான். கடைசிவரை கோல் விழவில்லை, பெனால்டிக்குப் போனது. வைரவன் என் தொடையைப் பிடித்து அழுத்தினான், நகம் பதிந்துவிட்டது.

அமீரகம் தோற்றது.

"தோத்துட்டான்!" என்று வைரவன் எழுந்தே விட்டான். இத்தனை வருஷம் இறங்காத ஒன்று இறங்கியதைப் போல ஒரு முகம். யாராவது திரும்பிப் பார்ப்பார்கள், ஏனடா என்று சண்டைக்கு வருவார்கள் என்று எதிர்பார்த்தான் போல. ஒருவரும் திரும்பவில்லை. எல்லோரும் சேதுராமனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் தோள் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

சமையல்காரர் டீ கொண்டுவந்தார். சூப்பர்வைசர் அவன் முதுகைத் தடவி, "கோயி பாத் நஹி, கேப்டன்" என்று தேற்றினார். அவனைச் சுற்றி இருந்த கூட்டத்தில் இரண்டு வங்காளிகள் கூட அழுதார்கள். வைரவன் மெதுவாக உட்கார்ந்தான்.

"பாத்தீகளா பாய்" என்றான். "தோக்குறதும் அவனுக்குத்தான் கெடைக்கிது." சோற்றுத் தட்டை அப்படியே தள்ளி வைத்துவிட்டு ரூமுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை வரை அவனால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே டூட்டிக்கு நடுவில் என்னையும் இழுத்துக்கொண்டு பூத்துக்கு ஓடினான். போட்டோ செல்லாது என்று தெருவுக்குச் சொல்லியாக வேண்டுமே.

"வள்ளி, விசயம் தெரியுமா? அவன் டீமு..."

"தெரியும்ங்க, காலையிலயே சேதுண்ணே அவுக வீட்டுக்குப் பேசிட்டாக. குரலே கம்மிப் போச்சாம். அந்தக்கா ஒரே அழுகை, தெருவே ஆறுதல் சொல்லிட்டு வருது. அத்தன பாடுபட்டுத் தோத்துட்டாகளே பாவம். கூடத்தானே இருக்கீக, ராத்திரி அவுக சாப்பிட்டாகளா?"

வைரவன் போன் கம்பியை விரலில் சுற்றிக்கொண்டே நின்றான்.

"சாப்பிட்டான்" என்றான். "நாந்தான் சாப்புடல."