வாட்டிக்குச் சேர வேண்டிய ரவுண்டு

எஃபியின் பப்புக்குள் நுழைந்ததும் மர்டோ கெடெஸ் முதலில் செய்வது நாற்காலியைத் திருப்பிப் போடுவதுதான். ஜன்னலோர மேசைக்கு முதுகு காட்டுகிற மாதிரி போட்டுவிட்டு, தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்த பிறகே உட்காருவார். எட்டு வருஷத்தில் ஒரு வெள்ளிக்கிழமைகூட இது மாறியதில்லை. ஆறு வருஷமாக மகள் இஷ்பெல் எதிரே உட்கார்ந்து, பார்த்தும் பார்க்காததுபோல மெனு அட்டையைப் புரட்டுவாள்.

"எதுக்கு அதைத் தேய்க்கிற கண்ணு? மாட்டுக்கறி வச்சுச் சுட்ட பை ரெண்டு, மசிச்ச உருளைக்கிழங்கு, பட்டாணி. உங்க ரெண்டு பேருக்கு மெனு அச்சடிச்ச காசு தண்டம்" என்பாள் எஃபி.

ஜன்னலோர மேசை வாட்டி பிரி வழக்கமாக உட்காருகிற இடம். டண்டீ நகரத்தில் லிஃப்ட் பழுது பார்க்கிற வேலையில் மர்டோவும் அவரும் முப்பத்தெட்டு வருஷம் ஜோடி. இருட்டுக் குழிக்குள் இறங்கிக் கம்பிகளுக்கு நடுவே நிற்பவர் மர்டோ. யாரும் பொத்தானை அழுத்திவிடாதபடி மேலே சுவிட்சுக்குக் காவல் நிற்பவர் வாட்டி. ஒருவர் உயிர் இன்னொருவர் கையில் இருந்த வேலை.

இஷ்பெல் பட்டம் வாங்கிய அன்று மர்டோ பப்பில் இருந்த எல்லோருக்கும் தன் செலவில் ஒரு ரவுண்டு பியர் வாங்கினார். அவர் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் அவள்தான். வாட்டி கிளாஸைத் தூக்கி, "இனிமே இவ நம்மகூட உக்காந்து பை தின்னுவான்னு நினைக்கிறியா? பாத்துட்டே இரு" என்றார். மர்டோ கிளாஸைக் கீழே வைத்தார். அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் இஷ்பெல் எடின்பரோவிலேயே இருந்துவிட்டாள். திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்த ஆரம்பித்த பிறகுதான் இந்த வெள்ளிக்கிழமைச் சாப்பாடு. அப்பாவுக்காக வருகிறோமா, வாட்டி சொன்னது பொய் என்று காட்ட வருகிறோமா என்று அவளுக்கே தெரியாது. தன் பட்டத்துக்கு அப்பா ஒரு சிநேகிதனை விலையாகக் கொடுத்துவிட்டார் என்பது மட்டும் தெரியும்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை, தன் முறைக்கான ரவுண்டை வாங்கக் கவுண்ட்டருக்குப் போன இஷ்பெல் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "அப்பா பேர்ல வாட்டி மாமாவுக்கு ஒரு லாகர் பியர் குடுத்துடுங்க."

எஃபி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "வாட்டிக்கு? லாகரா?"

"ஆமா."

"சரி. ஊத்தச் சொன்னா ஊத்துறேன்."

கொஞ்ச நேரத்தில் மஞ்சள் நிற லாகர் கிளாஸைக் கையில் பிடித்தபடி வாட்டி அவர்கள் மேசைக்கு வந்து நின்றார்.

"மர்டோ. இதை நீயா அனுப்பின?"

மர்டோ கிளாஸைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். இஷ்பெலுக்குக் காது இரண்டும் சுட்டது. அப்பா இல்லை என்று சொன்னால் பப் முழுக்க அவள் பொய்க்காரி. ஆமாம் என்று சொன்னால் அவருடைய எட்டு வருஷ வீம்பு போச்சு.

"நுரை அடங்குறதுக்குள்ள குடி" என்றார் மர்டோ.

"முப்பத்தெட்டு வருஷம் என் பக்கத்துல நின்னு என்கூட பழுப்பு பியர் குடிச்சவன் எனக்கு லாகர் அனுப்புவானா? விஷம் அனுப்பியிருந்தா நம்பியிருப்பேன்."

மர்டோவுக்கு மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது. "வேதியியல் படிச்ச பொண்ணுடா. எந்த பியர்னு பரீட்சையில கேக்கல போல."

வாட்டி அவள் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு நான் சொன்னது தப்புதானே?"

"ரெண்டு வருஷம் நான் வரவே இல்லியே மாமா. பாதி சரிதான்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எஃபி! இவனுக்கு ஒரு பழுப்பு. என் கணக்குல."

மர்டோ அதை நிதானமாகக் குடித்து முடித்தார். "லாகர் இவ வாங்கினது, அது சேத்தி இல்ல. அடுத்த வெள்ளி என் ரவுண்டு. நானே எந்திரிச்சுப் போய் வாங்குவேன்."

செவ்வாய்க்கிழமை காலை, டீ போட்டுக்கொண்டிருக்கும்போதே மர்டோவின் இதயம் நின்றுவிட்டது.

அடக்கம் முடிந்து எல்லோரும் எஃபியின் பப்புக்குத்தான் வந்தார்கள். இஷ்பெல் ஒரு பழுப்பு பியரை வாங்கிக்கொண்டு போய் வாட்டியின் முன்னால் வைத்தாள். இந்தத் தடவை பியர் சரி.

வாட்டி தொடவில்லை. "இது யார் ரவுண்டு?"

"அப்பா உங்களுக்குத் தர வேண்டியது."

"அப்போ வேண்டாம் கண்ணு. தானே எந்திரிச்சு வாங்குவேன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அதுல நீ கை வைக்காத."

"நான் தீர்க்கக் கூடாதா?"

"கூடாது. அவன் எனக்குத் தர வேண்டியவனாவே இருக்கட்டும்."

இஷ்பெல் எதிரே உட்கார்ந்தாள். "சரி. இது என்னோடது."

வாட்டி கிளாஸை எடுத்துக் குடித்தார். மர்டோவின் ரவுண்டு இன்னும் பாக்கி.